சந்தோசமும் சந்தோஷ் ஹெக்டேயும்

எங்கள் ஊரான திருகோணமலையில் இலஞ்சத்தை யாரும் இலஞ்சம் என்று சொல்லிக் கேட்பதில்லை. "சந்தோசமா ஏதும் குடுங்க" என்பார்கள். கொஞ்சம் கூச்சப்படுகிறவர் தேத்தண்ணிக் காசு என்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா சட்டத்தரணியான என்னிடம் வந்தார். தகப்பன் பெயரிலிருந்த காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற இரண்டு வருடமாக ஓர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். சந்தோசம் இரண்டு தரம் கொடுத்தாயிற்று. விண்ணப்பம் கொடுத்த திகதி தெரியாது, பிரதியும் கையில் இல்லை. பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்டேன். "சந்தோசத்துக்கு ஆரு தம்பி துண்டு தாறாங்க?" என்றார். பிறகு, "இவங்களக் கேக்க ஒரு நீதவான் இல்லையா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவருக்கு நீதியரசர் சந்தோஷ் ஹெக்டேயின் கதையைச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஹெக்டே 1940இல் பிறந்தவர். தகப்பனார் கே.எஸ்.ஹெக்டேயும் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி. 1973இல் அவரையும் வேறு இரு மூத்த நீதிபதிகளையும் தாண்டி இளையவர் ஒருவரைப் பிரதம நீதியரசராக்கியபோது மூவருமே பதவியை விட்டு வெளியேறினார்கள். மகன் 1999இல் வழக்கறிஞராக இருந்தபடியே நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 2005இல் ஓய்வுபெற்றார். பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். இவருக்கு 2006இல் கர்நாடகத்தின் லோகாயுக்தாவாக, அதாவது அரச ஊழல் முறைப்பாடுகளை விசாரிப்பவராக, ஆனபிறகுதான் கதை சூடுபிடித்தது.

பெல்லாரியில் இரும்புத்தாது கள்ளத்தனமாகத் தோண்டப்பட்டு, லொறிகளில் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டு, துறைமுகங்களுக்குப் போனது. பெலெகேரித் துறைமுகத்தில் வனத்துறை பறிமுதல் செய்து குவித்திருந்த தாதில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் தொன் 2010இல் காணாமற்போனது. துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு அது எவ்வளவு பெரிய குவியல் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. கப்பல் ஏறாமல் அது மறையாது. அதைப் பிடித்துக்கொடுத்த வன அதிகாரியை அரசு பணி இடைநிறுத்தம் செய்ய முயன்றது. ஹெக்டே இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சில நாளில் மீளப் பெற்றார். தகப்பனைப் போல உறுதி இல்லை என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போயிருந்தால் சுரங்க ஊழல் பற்றிய அவருடைய 2011 ஜூலை அறிக்கை வந்திருக்காது.

இணைப்புகளோடு 25,000 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை அது. அரசுக்கு 16,000 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு என்றது. சில நாளிலேயே முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். பிறகு 2016இல் சிபிஐ (இந்திய மத்திய புலனாய்வு அமைப்பு) வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் ஒன்று அவரைச் சுரங்க இலஞ்ச வழக்கில் விடுதலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். லோகாயுக்தாவால் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது.

எங்கள் தொழிலில் நீதிபதியைக் கதாநாயகனாக்கிப் பேசுவது ஒரு வியாதி. ஹெக்டேயின் துணிவு பெரிதுதான். ஆனால் அறிக்கையைத் தூக்கி நிறுத்தியது அனுமதிச்சீட்டும் துறைமுகப் பதிவேடும் வங்கிக் கணக்கும். ஐயாவிடம் அப்படி ஒரு துண்டும் இல்லை. எந்த நீதவான் வந்து என்ன செய்ய?

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. காசு கைமாறத் தேவையில்லை. அதிகாரி கேட்டாலே குற்றம். கொடுப்பதும் குற்றம் என்பதைத்தான் பலர் அறியார். அதனால் கேட்டவுடன், கொடுக்குமுன், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். முறையிடுபவருக்கும் சாட்சிக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பொய் என்று தெரிந்தே முறையிட்டால் அதற்கும் தண்டனை உண்டு.

விண்ணப்பத்தை எப்போதும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். (கோட்டைப் பக்கத்து மான்கள் கடதாசியையும் விடாது, பிரதியைக் கவனமாக வையுங்கள்.) கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவுசெய்ய வேண்டும்.

ஐயாவுக்கும் அப்படி ஒரு கடிதம் எழுதினோம். பதில் வந்தது: அந்தப் பெயரில் விண்ணப்பம் எதுவும் பதியப்படவே இல்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புது விண்ணப்பம் அன்றே போட்டோம். கொடுத்த காசைப் பற்றி முறையிடுவதா என்பதை மகளிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.