மணல் வடிகட்டிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது

மணலில் ஊற்றினால் கலங்கல் தெளியும், சரி. கிருமி எப்படிப் போகும்? கிராமப் பள்ளியில் மணல் வடிகட்டி வைக்கலாம் என்றால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. மணலின் இடுக்குகள் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை. வெறும் சல்லடை என்று பார்த்தால் மணல் தோற்றுத்தான் போக வேண்டும்.

ஆனால் 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலரா எட்டாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டபோது, ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம் பெரும்பாலும் தப்பித்தது. ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த எல்பே ஆற்று நீர்தான் ஆல்டோனாவுக்கும். அவர்கள் அதை மணலில் மெதுவாக வடித்துக் குடித்தார்கள். 1990களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மான்ஸ் இந்த முறையை ஒரு சிறு தொட்டிக்குள் அடக்கினார்.

தொட்டியின் அடியில் 5 செ.மீ. ஜல்லி (6–12 மி.மீ.), மேலே 5 செ.மீ. பொடிஜல்லி, அதன்மேல் 0.7 மி.மீ. சல்லடையில் சலித்துக் கழுவிய மணல் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக. ஆற்று மணலைவிடக் குவாரியில் உடைத்த மணல் மேல்; மக்கும் அழுக்கும் குறைவு. ஊற்றும் நீர் மணலைக் குடையாதிருக்க மேலே துளையிட்ட தட்டு. அடியில் தொடங்கும் குழாய் வெளியே ஏறி, மணல் மட்டத்துக்கு 5 செ.மீ. உயரத்தில் முடியும்.

சூட்சுமம் அந்த 5 செ.மீ.யில் இருக்கிறது. ஊற்றுவதை நிறுத்தினாலும் மணல்மேல் அவ்வளவு நீர் நிற்கும். காற்றின் ஆக்சிஜன் அதில் கரைந்து மணலுக்கு இறங்க, மேல்மணலில் ஓர் உயிர்ப்படலம் வளர்கிறது. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வருகிற கிருமிகளைத் தின்றே வாழ்கின்றன. நீர் கூடினால் அவற்றுக்கு மூச்சு முட்டும். குறைந்தால் வெயிலில் காயும். 'தண்ணீர் வீணாகிறதே' என்று வெளிக்குழாயில் திருகுகுழாய் மாட்டினால், மூடும்போதெல்லாம் உள்ளே நீர் ஏறிப் படலம் செத்துவிடும். அடிக்கடி நடக்கும் தப்பு இது.

ஒரு முறை ஊற்றுவது 12 லிட்டர். மணல் இடுக்குகளில் தங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. எனவே இப்போது ஊற்றும் நீர் இப்போது வருவதில்லை; முன்பு ஊற்றியதைத் தள்ளிவிட்டு அது உள்ளே தங்குகிறது. குறைந்தது 1 மணி நேரம் தங்கவிட வேண்டும். ஆழத்தில் இரையும் ஆக்சிஜனும் இல்லாமல், தப்பிவந்த கிருமிகள் அங்கே மடியும். 48 மணி நேரம் தாண்டினாலோ படலமே பட்டினி கிடக்கும். வெள்ளி மாலை 4 முதல் திங்கள் காலை 9 வரை 65 மணி நேரம்! ஞாயிறன்று யாராவது ஒரு வாளி ஊற்றியே ஆக வேண்டும். கோடை விடுமுறைக்குப் பின் படலம் மீண்டும் முற்ற 30 நாள் வரை ஆகலாம்.

வைரஸ்கள் முழுதாகப் போகாது என்பதால், வடிந்த நீரில் எப்போதும் குளோரின் சேர்ப்பது நல்லது. குளோரின் போட்ட நீரை மட்டும் மேலே ஊற்றிவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் நிரம்ப இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். அதைவிட வேகமென்றால் மணலை அளவுக்குமீறிக் கழுவியிருக்கிறீர்கள். நாளடைவில் மந்தமானால் மேல்நீரைக் கையால் மெல்லக் கலக்கி, கலங்கலை முகந்தெடுங்கள், மணலை அள்ளாதீர்கள். சேறாக வரும் நீரை முதலில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைக்கலாம். பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டாம், அது சேற்றைப் படியவைப்பது உண்மை. தெளிந்தால் கிருமியும் போச்சு என்பதுதான் மூடநம்பிக்கை.

உப்பையும் ஃபுளோரைடையும் இந்த மணல் தொடாது. தருமபுரி போன்ற இடங்களில் வேறு வழிதான். மற்ற இடங்களில் ஆர்.ஓ. எந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தக் கிடைக்கும் பணம், பிறகு அதன் சவ்வை மாற்றக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

60 பிள்ளைகள் இரண்டு முறை கை கழுவினால், முறைக்கு அரை லிட்டர் வீதம் நாளைக்கு 60 லிட்டர். சருகு நிரப்பிய குழிவழியே அந்தக் கழிவுநீரை வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு அது வேண்டாம், நல்ல நீரையே விடுங்கள். வடிகட்டியில் முகந்த கலங்கலும் கீரைக்கு ஆகாது, பிடிபட்ட கிருமியெல்லாம் அதில்தான் இருக்கும். வாழையடியில் ஊற்றி மண்ணால் மூடுங்கள்.