'இடைவிடாத முன்னேற்றம்' என்று எழுதாதீர்கள்

அனல்மின் நிலைய வாசலில் 'சுற்றுச்சூழல் கொள்கை' என்று ஒரு பலகை நிற்கும், பார்த்திருப்பீர்கள். போன வாரம் பார்த்த ஒன்றில் மூன்றாவது வரி: 'இடைவிடாத முன்னேற்றம் அடைய உறுதி பூண்டுள்ளோம்.' பயிற்சிக் கையேடுகளிலும் இதே தொடர்தான். தப்பு.

ஆங்கில மூலச்சொல் கன்டினுவல் இம்ப்ரூவ்மென்ட். கன்டினுவஸ் அல்ல. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14001-இன் 2015 பதிப்பு பின்னிணைப்பிலேயே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது: முதலாவது நடுநடுவே நின்று நின்று நெடுநாள் நடப்பது, இரண்டாவது நிற்காமலே நடப்பது.

மின் நிலையத்துக்குள் இரண்டையும் பார்க்கலாம். புகைபோக்கியில் பொருத்திய கருவி தூசியையும் கந்தக டை ஆக்சைடையும் இரவு பகலாக அளந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறதே, அது இடைவிடாதது. தூசியைக் குறைக்கும் வேலை அப்படியா நடக்கிறது? இலக்கு வைக்கிறார்கள், யூனிட்டை ஓவர்ஹாலுக்கு நிறுத்தும்போது புகையிலிருந்து தூசியை மின்சாரத்தால் பிடிக்கும் ஈஎஸ்பி கருவியின் தகடுகளைச் சரிசெய்கிறார்கள், அப்புறம் மாதக்கணக்கில் அளந்து பார்க்கிறார்கள், தணிக்கை வருகிறது, குறை தெரிகிறது, மறுபடி இலக்கு. இதற்குப் போய் 'இடைவிடாத' என்றால் யாராலும் முடியாத ஒன்றுக்கு உறுதி கொடுத்ததாகிவிடும்.

'தொடர்' போதும். வாரம் ஒருமுறை வருவதைத்தானே தொடர்கதை என்கிறோம்? தொடர்மழை என்றால் விடாத மழைதானே என்று சண்டைக்கு வருகிறார்கள். தொடர்மழை நாளிலும் துணி காயப்போட ஒரு மணி நேர வெயில் கிடைக்கத்தான் செய்கிறது.

'முன்னேற்றம்' இன்னும் மோசம். அது தானாகவும் வரும். சாம்பல் குறைந்த நிலக்கரி வந்தால் தூசி குறையும், யாரும் விரலைக்கூட அசைத்திருக்க வேண்டாம். தரநிலை சொல்வதோ திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு செயலை. அதனால் 'மேம்பாடு' என்றுகூட எழுத எனக்கு மனம் வராது, அது விளைவு. மேம்படுத்தல் என்றால்தான் செய்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

'மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்பதற்கு அதே பலகையில் எழுதியிருக்கும் 'மேலாண்மை அமைப்பு' மட்டும் சரியா? அந்தப் பலகையைப் படித்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் "இது என்ன சார், சங்கமா?" என்று என்னிடம் கேட்டார். சிஸ்டம் என்பதை இலங்கையில் அழகாக 'முறைமை' என்று எழுதுகிறார்கள், நமக்கென்ன தயக்கம்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் பார்க்கிறார்கள், வேலை நடக்கும் இடத்தை ஒருமுறையாவது போய்ப் பார்ப்பதில்லை.

கலைச்சொல்லாக வேண்டுமானால் 'தொடர் மேம்படுத்தல்'. பலகைக்கு அதுகூட வேண்டாம்: 'எங்கள் சுற்றுச்சூழல் மேலாண்மை முறைமையைத் தொடர்ந்து மேம்படுத்துவோம்.' சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர்க்காரருக்கும் இது புரியும்.