லிங்: மஞ்சு அரசர்களின் ஈமக்குன்று

சீனாவின் ஷென்யாங் நகரில் பெய்லிங் என்று ஒரு பெரிய பூங்கா உண்டு. 'பெய்' என்றால் வடக்கு. அதற்குள் இருக்கும் ஜாவ்லிங்கில், மஞ்சு இனத்தவரின் சிங் அரசமரபை அறிவித்த ஹொங் தைஜியும் அவர் பட்டத்தரசியும் அடக்கம். 1643இல் தொடங்கி 1651இல் கட்டி முடித்தார்கள். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தமிழில் இதை 'ஜாவ்லிங் கல்லறை' என்று எழுதிவிடுகிறோம். 'கல்லறை' என்ற சொல் இங்கே பொருந்தவே இல்லை.

'லிங்' என்ற சீனச் சொல்லின் முதற்பொருள் மேடு, பெருங்குன்று. மன்னர்களைப் புதைத்த இடத்தில் மண்ணை மலைபோலக் குவித்ததால், அந்த இடத்துக்கே அது பெயராகிவிட்டது. சாதாரண மக்களுடையது வெறும் 'மு'தான். மஞ்சு மொழியின் 'முங்கன்' என்ற சொல்லுக்கும் குன்று, அரச அடக்கத்தலம் என்று இதே இரண்டு பொருள். ஜாவ்லிங்கை மஞ்சுவில் 'எல்தெங்கெ முங்கன்' என்பார்கள்: ஒளிமிக்க குன்று.

நேரில் போனால் இந்தப் பெயரின் நியாயம் புரியும். சிங்கம், குதிரை, ஒட்டகம், யானை என்று கல் விலங்குகள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவே நீண்ட பாதை. அப்புறம் கோட்டைபோல மதில் சூழ்ந்த முற்றம். அதில் படையல் வைக்கும் மண்டபம். அதையும் தாண்டினால்தான் அந்த வட்டமான மேடு. அதன் பின்னால் ஒரு குன்று. சமதரை என்பதால், மண்ணைக் கொட்டி அந்தக் குன்றையே செயற்கையாக உண்டாக்கினார்கள். குன்று இல்லாமல் லிங் இல்லை என்பதில் அவ்வளவு உறுதி!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பள்ளிப்படை' நல்ல பழஞ்சொல். மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எடுத்தது பள்ளிப்படைதான். இறந்த அரசனுக்கு வழிபாடு நடக்கும் இடம் என்ற அளவில் அது லிங்குக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் பள்ளிப்படை ஒரு சிவன்கோயில். அதில் மேடு இல்லை. 'சமாதி' என்றால் நமக்குச் சித்தர்களும் துறவிகளும்தான் நினைவுக்கு வருவார்கள்.

'ஈமக்குன்று' என்பதே என் தேர்வு. ஈமம் என்பது பிணம் சுடும் விறகடுக்கு, சுடுகாடு. ஈமத்தாழி என்னும்போது புதைப்பதையும் சுட்டும். ஹொங் தைஜியை மஞ்சுக்களின் அன்றைய வழக்கப்படி எரியூட்டி, சாம்பலைத்தான் அடக்கம் செய்தார்கள். எரித்ததும் புதைத்ததும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கல்லறையில் அது வராது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீஆன் நகருக்கு வடமேற்கே, தாங் அரசமரபின் பேரரசர் தைசோங்கின் அடக்கத்தலத்துக்கும் ஜாவ்லிங் என்றே பெயர், எழுத்தும் அதே எழுத்து. ஆகவே 'சிங் ஜாவ்லிங்', 'தாங் ஜாவ்லிங்' என்று பிரித்து எழுதுவது நல்லது. தாங் ஜாவ்லிங்கில் குன்றைக் கட்டவில்லை. இயற்கையான மலையையே குடைந்திருக்கிறார்கள்.