அன்றைய கடல் மட்டத்தை யார் அளந்தது?

20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம் என்கிறார்களே, அதை அப்போது யார் அளந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஃபொராமினிஃபெரா என்று ஒரு செல் கடலுயிரி உண்டு. பெரும்பாலும் மணல் துகள் அளவுதான் இருக்கும். கடல்நீரிலிருந்தே சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு கடலடிச் சேற்றில் புதையும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் படியும். பத்து மீட்டர் குழாயை இறக்கி எடுத்தால் சில லட்சம் ஆண்டுகள் கைக்கு வந்துவிடும்.

அந்த ஓட்டில் ஆக்சிஜன் இருக்கிறது. பெரும்பகுதி ஆக்சிஜன்-16, சுமார் ஐந்நூறில் ஒன்று, எடை கூடிய ஆக்சிஜன்-18. லேசானதைக் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். மற்ற காலங்களில் அது மழையாகி ஆற்றோடு கடலுக்கே திரும்பிவிடும். 20,000 ஆண்டுகளுக்கு முன் இருந்ததுபோன்ற பனியுகத்தில் திரும்பாது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் கணக்கில் பனியாக உறைந்து நின்றுவிடும். கடலில் 18-இன் பங்கு கூடும், ஓட்டிலும் கூடும்.

சரி, ஆனால் ஒரு சிக்கல். நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடும். 1955-இல் இந்த ஓடுகளை ஆராய்ந்த செசாரே எமிலியானி, மாற்றத்தின் பெரும்பகுதி குளிரால்தான் என்றார். 1967-இல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் செய்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மேலே மிதப்பவற்றை மட்டும் நம்பாமல், கடலடியிலேயே வாழும் வகைகளின் ஓட்டையும் எடுத்துப் பார்த்தார். அங்கே நீர் இன்றைக்கே 2 டிகிரி பக்கம்; கடல்நீர் மைனஸ் 2 பக்கத்தில் உறைந்துவிடும். இதற்குமேல் பெரிதாகக் குளிர வழியில்லை. அப்படியும் மேலே எவ்வளவு மாற்றமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கீழேயும் இருந்தது. அப்படியானால் பெரும்பகுதிக்குக் காரணம் குளிர் அல்ல. நீரே மாறியிருக்கிறது, பனி கடலைக் குடித்திருக்கிறது. ஆழ்கடலும் ஓரளவு குளிர்ந்தது பின்னால் தெரிந்தது. இப்போது, நீரின் வெப்பத்துக்கேற்ப மாறும் ஓட்டிலுள்ள மெக்னீசியத்தை அளந்து குளிரின் பங்கைக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பனியின் பங்கு; கடல் மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம்.

நம் பருவமழையின் பழைய வரலாறும் இப்படிப்பட்ட சேற்றில்தான் இருக்கிறது. 2014-15இல் வங்கக் கடலில் அதற்காகத் துளையிட்ட 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பலுக்கு அமெரிக்கா 2024-இல் நிதியை நிறுத்திவிட்டது. இது பெரிய இழப்பு. ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்ப 'மத்ஸ்யா 6000' கட்டும் இந்தியா, ஒரு துளையிடும் கப்பலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.