ஊதா ஃபவுண்டன் புல்: விதை வாங்காதீர்கள், தூர் வாங்குங்கள்

கருஞ்சிவப்பு இலை, நரிவால் போலச் சாயும் கதிர். ஊதா ஃபவுண்டன் புல்லைப் பார்த்தவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். வைக்க வேண்டிய புல்தான். ஆனால் ஃபவுண்டன் புல் என்ற அதே பெயரில் பச்சை இலைப் புல் ஒன்றும் உண்டு. அதைத் தெரியாமல்கூட வீட்டுக்குள் விடக் கூடாது.

பச்சை வகை சென்க்ரஸ் செட்டாசியஸ். பென்னிசெட்டம் செட்டாசியம் என்பது பழைய பெயர். வட ஆப்பிரிக்காவும் அதை ஒட்டிய மேற்கு ஆசியாவும் அதன் தாயகம். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கும் என்பதால், ஒற்றைத் தூர் தப்பினாலே போதும். விதை காற்றிலும் வண்டிச் சக்கரத்திலும் துணியிலும் ஒட்டிப் போகும். ஹவாய்த் தீவில் வறண்ட எரிமலைப் பாறைவெளிகளை இது மூடிவிட்டது. காய்ந்த தாள் தீயைப் பரப்புகிறது; தீயில் மரக்கன்றுகள் சாக, இது மட்டும் அடித்தூரிலிருந்து துளிர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் இதை ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்தது.

அடையாளம் காண நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஊதா வகையும் நிழலில் வளர்ந்தால் பச்சையடிக்கும். இலை அகலத்தைப் பாருங்கள். பச்சை வகையின் இலை 2 முதல் 4 மி.மீ. தான், ஓரம் உள்மடிந்து கம்பி போல இருக்கும், உருவினால் சொரசொரக்கும். 'ரூப்ரம்' என்று விற்கப்படும் ஊதா வகையின் இலை தட்டையாக, ஏறக்குறைய 1 செ.மீ. அகலம் இருக்கும்.

இன்னொரு குழப்பம் நம்மூர் கொழுக்கட்டைப் புல்லோடு வரும். கொங்கு நாட்டுக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகள் மேய்வது இந்தப் புல்லைத்தான். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அதன் கதிர் குட்டை, ஒரு விரல் நீளம் வரும். ஒரு மணியை உதிர்த்து அதைச் சுற்றியுள்ள மயிர்களை நகத்தால் பிரித்துப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லில் மயிர்கள் அடியில் ஒட்டிச் சின்னத் தட்டாக நிற்கும். ஃபவுண்டன் புல்லில் தனித்தனியே கழன்றுவிடும்.

ரூப்ரம் கலப்பினம், முளைக்கும் விதை அநேகமாக வைப்பதில்லை. தூர் பிரித்துத்தான் பெருக்குகிறார்கள். ஆகவே 'ஊதா ஃபவுண்டன் விதை' என்று பாக்கெட்டில் வருவதை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு புல்லாக இருக்கும். பச்சை வகையாகவும் இருக்கலாம்.

நடவுக்கு நாளுக்கு 6 மணி நேர நேரடி வெயிலும் நீர் தேங்காத இடமும் வேண்டும். ஒரு அடி ஆழக் குழியில் செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1. ஒரு துண்டில் ஐந்தாறு கிளைப்பாவது இருக்கட்டும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, இரண்டு அடி இடைவெளியில் நடவும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் புதைத்தால் வடகிழக்குப் பருவமழையில் அழுகும். வெளியே பார்க்கத் தண்ணீர் போதாமல் வாடுவது போலிருப்பதால், இன்னும் ஊற்றி முழுதாகக் கொன்றுவிடுகிறார்கள். முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு மண் காய்ந்த பின் மட்டும். யூரியா வேண்டவே வேண்டாம். தாள் நீண்டு சாயும், நிறமும் வெளிறும். ஆண்டுக்கு ஒருமுறை அரை அடி உயரத்தில் வெட்டிவிட்டால் புது இலை அடர்நிறத்தோடு வரும். இரண்டு மூன்று ஆண்டில் தூரின் நடு காய்ந்து பொந்தாகும். அப்போது தோண்டி, ஓரத்துக் கிளைப்புகளைப் பிரித்து நடுங்கள்.

பச்சை வகை ஏற்கெனவே இருந்தால், முதலில் கதிர்களை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். பிறகு கடப்பாரையால் அடித்தூரை வேரோடு பெயர்க்கவும். கையால் இழுத்தால் தாள்தான் அறுந்து வரும். கதிரை எருக்குழியில் போடாதீர்கள். மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அந்த இடத்தைப் பார்த்து, கதிர் தள்ளும் முன் நாற்றைப் பிடுங்கிவிடுங்கள்.