பூஜ்யம் வரி மாறியது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இருப்பு 10. நான் 3 கழித்தேன், அதே நேரத்தில் இன்னொருவர் 2 கழித்தார். 5 இருக்க வேண்டிய இடத்தில் 8 நிற்கிறது. எரர் எதுவும் வரவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகுமா?"

ஆகாது. ரீஸ்டார்ட்டில் கேஷ், அதாவது சர்வர் தன் மெமரியில் வைத்திருக்கும் நகல், காலியாகும். சில சமயம் அதனால் திரையில் சரியான எண் வந்துவிடும். அந்தச் சில சமயங்களை வைத்தே ரீஸ்டார்ட் எங்கள் துறையின் தாயத்தாகிவிட்டது. உங்கள் விஷயத்தில் டேட்டாபேஸுக்குள்ளேயே 8தான் இருக்கிறது.

மெமரியில் இருப்பதை எடுக்கச் சுமார் 100 நானோவினாடி. ஒரே டேட்டா சென்டருக்குள் நெட்வொர்க்கில் போய்வரவே அரை மில்லிவினாடி ஆகும். அதனால்தான் ஒவ்வொரு சர்வரும் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்கிறது. இரண்டு நகலிலும் 10. ஒரு சர்வர் டேட்டாபேஸில் 7 என்று எழுதியது. மற்றது அதன் தலையில் 8 என்று எழுதியது.

படிக்கும்போதே டேட்டாபேஸ் அட்டவணையில் அந்த இருப்பு உள்ள வரியைப் பூட்டிவைக்கலாம். ஆனால் ஃபார்மைத் திறந்தவர் எழுந்து போய்விட்டால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1981இல் குங், ராபின்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் வேறு வழி சொன்னார்கள்: மோதல் அபூர்வம் என்று நம்பி வேலையை முடி, எழுதும் முன் சரிபார். அப்போது வெப் பிறக்கவே இல்லை. ஆராய்ச்சிக்கு உடனடிப் பயனைக் கேட்டே நிதி தருபவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

நடைமுறையில் இதற்கு அட்டவணையில் ஒரே ஒரு நெடுவரிசை போதும்: வெர்ஷன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடும் எண். இரு சர்வரும் படித்தபோது அது 41. இருவரும் அனுப்பும் கட்டளை, "வெர்ஷன் இன்னும் 41 என்றால் மட்டும் மாற்று, 42 ஆக்கு." இரண்டும் ஒரே கணத்தில் வந்தால்? அப்டேட் நடக்கும் அந்தச் சிறு பொழுதுக்கு டேட்டாபேஸே வரியைப் பூட்டுகிறது. இரண்டாவது கட்டளை வாசலில் நிற்கிறது. முதலாவது கமிட் ஆனதும், அதாவது நிரந்தரமாகப் பதிவானதும், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இரண்டாவதை அப்படியே உள்ளே விடுவதில்லை. நிபந்தனையைப் புதிய வரியோடு மறுபடி ஒப்பிடுகிறது. இப்போது இருப்பது 42. பொருந்தவில்லை. பதில்: மாறிய வரிகள் 0.

இந்த 0 எனக்கு அவ்வளவு பிடிக்கும். கேஷில் இருந்த நகல் பழையது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. நகலைத் தூக்கியெறிந்து, புதிதாகப் படித்து, மறுபடி கழித்தால் 5.

வெர்ஷனுக்குப் பதில் நேரத்தை வைக்காதீர்கள். ஒரே மில்லிவினாடிக்குள் இரண்டு மாற்றம் விழலாம். வெறும் கழித்தல் என்றால் படிக்கவே வேண்டாம், "இருப்பு 3க்குக் குறையாவிட்டால் 3 கழி" என்று ஒரே கட்டளையாக அனுப்பிவிடலாம். அதிலும் 0 வரும், பார்த்தாக வேண்டும். ஒருமுறை நான் எழுதிய புரோகிராமில் அந்த 0 ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமலே "சேமிக்கப்பட்டது" என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தேன்.