ட்ரியாஜ் என்றால் தள்ளிவிடுவது இல்லை

2020 ஏப்ரலில் எங்கள் மாமாவுக்கு ஒரு போன் வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வேகமாக நடந்தால் நெஞ்சு வலிக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில், இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராமுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். மார்ச் 18 அன்று கோவிட்டுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டதால் அந்தத் தேதி ஒத்திவைக்கப்படுகிறது என்று தாதி மலாயில் சொல்லியிருக்கிறார். மாமா போனை வைத்துவிட்டு அத்தையிடம் சொன்னது இரண்டே சொல்: "என்னைத் தள்ளிட்டாங்க." அப்பாய்ண்ட்மெண்ட் கார்டை மடித்து மைலோ டின்னுக்குள் போட்டார். இரண்டு நாள் மாத்திரையும் போடவில்லை. "மாமா, தள்ளல, தள்ளி வச்சிருக்காங்க" என்று நான் போனில் எத்தனை முறை சொல்லியும் அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

யாருக்கு முதலில் சிகிச்சை, யார் காத்திருக்கலாம் என்று நோயாளிகளைப் பிரிப்பது, அந்தத் தேதியை மாற்றியதற்குப் பின்னால் இருந்த அந்த வேலையின் பெயர்தான் ட்ரியாஜ்.

பிரெஞ்சு மொழியில் 'த்ரியே' என்றால் பிரித்தெடுத்தல், பொறுக்குதல். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறமாகப் பிரிப்பதால் 'ட்ரை' என்ற மூன்றிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் முதலில் போனது மருத்துவத்துக்காக இல்லை, ஆட்டு ரோமத்தைத் தரவாரியாகப் பிரிப்பதற்காக. காப்பிக் கொட்டை வியாபாரத்தில் உடைந்து போன கடைசித் தரத்துக்கே ட்ரியாஜ் என்று பெயர் இருந்தது. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் லாரி குலையைக் கொட்டியதும் ஒருவர் நின்று காய் எது, பழுத்தது எது, அழுகல் எது என்று கண்ணாலேயே பிரிப்பாரே, ஏறக்குறைய அந்த வேலை.

நோயாளிகளுக்கு இது வந்த வழி போர்க்களம். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, யார் அதிகாரி யார் சிப்பாய் என்று பார்க்காமல், எந்தக் காயம் உயிருக்கு ஆபத்தோ அதற்கே முதலில் கை வைக்க வேண்டும் என்றார். ஆனால் ட்ரியாஜ் என்ற சொல் மருத்துவத்தில் ஊன்றியது முதல் உலகப் போரில்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குலையைப் பிரிக்கும்போது மோசமானது ஒதுக்கப்படும். நோயாளியைப் பிரிக்கும்போது மோசமாக இருப்பவர்தான் முன்னால் போவார். சொல் ஒன்று, ஆனால் வரிசை அப்படியே தலைகீழ். மாமாவின் மனதில் இருந்தது ஆலையின் வரிசை, அதனால்தான் தன்னை அழுகல் பக்கம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பெருந்தொற்றுக் காலத்தில் இதய நோயாளிகளை எப்படிப் பிரித்தார்கள்? ரத்தக்குழாய் முழுவதும் அடைத்து மாரடைப்பு வந்தவருக்குக் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை, ஆஸ்பத்திரிக்குள் வந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் உள்ள கணக்கு, அது முடியாத இடத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. இதயத்தின் மின்னோட்டம் முழுதாகத் தடைப்பட்டு மயங்கி விழுபவருக்கு, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி, அதுவும் தள்ளிப்போட முடியாதது. இடது பக்க முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர், வால்வு சுருங்கி மயக்கம் வருபவர், சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர், இவர்கள் அடுத்து. நடந்தால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மாத்திரைக்கு அடங்குகிறது என்பவர்கள் மாதக்கணக்கில் பொறுக்கக்கூடியவர்கள். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சைகளுக்கு இதையே காலமாக எழுதி வைத்தார்கள்: 24 மணி நேரம், 72 மணி நேரம், 4 வாரம், 3 மாதம், அதற்கு மேலும் பொறுக்கலாம் என்று.

மாமா, நடந்தால் மட்டும் வலிக்கும் அந்த நான்காவது கூட்டத்தில் இருந்தார். பொறுக்கலாம் என்று சொன்னது வாய்க்கு வந்த சமாதானம் இல்லை. அதே 2020-இல் வெளிவந்த 'இஸ்கீமியா' என்ற ஆய்வில் 5,179 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், கூடாமல் ஒரே மாதிரி வந்துபோகும் நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டோ (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) பைபாஸோ (அடைப்பைத் தாண்டி மாற்றுவழி போடும் அறுவை சிகிச்சை) உடனே செய்ததால், முதலில் மருந்தோடு இருந்தவர்களைவிட இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இடது முதன்மைக் குழாய் அடைப்புக்காரர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் சேர்க்கவில்லை, அவர்களைத்தான் ட்ரியாஜும் முன்னால் கொண்டுபோகிறது. இன்னொன்று, பைபாஸ் முடிந்ததும் ஐசியு கட்டில் வேண்டும், வென்டிலேட்டர் வேண்டும், பழகிய தாதிகள் வேண்டும். அவர்கள் எல்லாரும் அப்போது கோவிட் வார்டில் நின்றார்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம், முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்களே தொற்றுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிட்டதுதான். அமெரிக்காவில் சில பெரிய மருத்துவமனைகளில் பார்த்தபோது, முழு அடைப்பு மாரடைப்புக்காக இதயச் சிகிச்சை அறையைத் தயார்ப்படுத்தும் அழைப்புகள் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்திருந்தன. மாரடைப்பே அவ்வளவு குறைந்துவிட்டது என்று யாரால் நம்ப முடியும்? வராத ஆளை எந்த ட்ரியாஜும் பிரிக்க முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வடிகட்டல்' என்றால் சக்கையை எறிவது ஞாபகம் வரும், வேண்டாம். 'தரம் பிரித்தல்' ஆலைக்கு நல்ல சொல், ஆளுக்கு இல்லை. மலாயில் 'சாரிங்கான்' என்பது வாசலில் காய்ச்சல் பார்த்து, இருமல் இருக்கா என்று கேட்டு அனுப்புவது. அது வேறு வேலை, நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். 'முன்னுரிமைப் பகுப்பு' பரவலாகப் புரியும், எழுத்தில் நானும் பயன்படுத்தியிருக்கிறேன், ஆனாலும் அதில் உள்ள 'உரிமை' என்னை உறுத்துகிறது. முன்னால் போகிறவருக்கு உரிமை கூடுதல் இல்லை, அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அத்தை அன்றைக்குத் தாதியைத் திரும்பக் கூப்பிட்டு என்னைப் பேசச் சொன்னபோது, கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு மூணு மாசம் தாங்குமான்னு கேளுப்பா." ட்ரியாஜ் செய்கிற மருத்துவரும் தனக்குள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார். அதனால் 'தாங்குநிலைப் பகுப்பு' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். இந்த இதயம் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்த்து வரிசை வைப்பது. தாங்குநிலை மாறினால் வரிசையும் மாற வேண்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, 'முன்னுரிமை'யில் அது இல்லை. கவுன்டர் பலகைக்கு இது நீளம் என்றால் 'அவசரம் பார்க்கும் இடம்' என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் புரியும்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் மாமா வீட்டு முன் அஞ்சடியில் (வராந்தாவில்) சும்மா உட்கார்ந்திருந்தபோதே வலி வந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தும் முழுதாக அடங்கவில்லை. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். கவுன்டரில் இருந்த மருத்துவ உதவியாளர், எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா வயதுதான் இருக்கும், மூன்றே கேள்வி கேட்டார்: எப்போது வந்தது, ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தீர்களா, எத்தனை நிமிஷம் இருந்தது. 'சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்று மாமா சொன்னதும் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் சக்கர நாற்காலியைக் கூப்பிட்டார், ஈசிஜி எடுத்த பிறகுதான் எங்கள் பெயரையே கேட்டார்கள். அந்த வாரத்திலேயே இரண்டு ஸ்டென்ட். பழைய தேதி எழுதிய கார்டை மைலோ டின்னிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது அத்தைதான்.